சாயங்கால ரயிலுக்கு எழுதிய விமர்சனம்

ஆட்டத்தைப் பார்க்கும் முன்பே அது எப்படி இருந்தது என்று எழுதிவிடுகிற மனுஷனை எங்கேயாவது கண்டதுண்டா? இராஜபாளையத்தில் ஒருவர் இருந்தார். பெயர் சௌந்தரபாண்டியன். பகலில் பேண்டேஜ் துணி ஆலையில் ஆபீஸ் உத்தியோகம். மற்ற நேரமெல்லாம் நாட்டிய விமர்சகர். இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தில் நடந்த சதிராட்டக் கச்சேரிகளுக்கு வரலாறு எழுதியவர், போதாக்குறைக்குக் கவிஞர் வேறு.

அவரை மட்டும் திட்டுவதிலும் நியாயமில்லை. மதுரைப் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை விமர்சனம் வர வேண்டுமானால், சனிக்கிழமை சாயங்கால ரயிலில் வரும் கார்டு கையில் கவரைக் கொடுத்தாக வேண்டும். கச்சேரி தொடங்குவதோ ரயில் போன பிறகு. அதனால் அழைப்பிதழில் அச்சடித்த உருப்படிகளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் மத்தியானமே எழுதிவிடுவார். வர்ணத்தில் விறுவிறுப்பு, பதத்தில் உருக்கம், தில்லானாவில் துள்ளல். எல்லாரையும் புகழ்ந்து வைத்தால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்? பல வருஷமாக ஒருத்தரும் கேட்கவில்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் ஆசிரியர் போனில் சிரித்தார். “என்ன சார், உங்க ஊர்ல ஆடுற எல்லாருமே நல்லா ஆடுறாங்களா?” சௌந்தரபாண்டியனுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாண மண்டபத்தில் ஜெயபாயின் கச்சேரி. செட்டியார்பட்டியில் பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறவள். முப்பது வயது தாண்டி அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய மேடை அது. சரி, இவளை ஒரு பிடி பிடிப்போம் என்று உட்கார்ந்தார். ‘பட்டாளத்துக்குப் போன மகனை நினைக்கும் தாயின் பதத்தில் உயிரே இல்லை. ஜெயபாய்க்குத் தாயின் துயரம் பிடிபடவில்லை’ என்று எழுதிக் கார்டிடம் கொடுத்துவிட்டு, மனைவி வெள்ளத்தாயோடு பஸ் ஏறினார்.

அந்தப் பதமும் வந்தது. ஜெயபாய் அழவில்லை. நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. வெறுங்கை அபிநயத்தில் உலை வைத்தாள். அரிசிப் பானையிலிருந்து வீட்டில் உள்ளவர்களுக்கு அள்ளி உலையில் போட்டாள். பிறகு மகனுக்கென்று ஒரு பிடி அள்ளினாள். அந்தக் கை உலைக்கு மேலே வந்து நின்றுவிட்டது. நின்ற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லத் திரும்பி, அரிசியைப் பானையிலேயே போட்டாள். அவ்வளவுதான்.

மண்டபத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது? வெள்ளத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சௌந்தரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

கச்சேரி முடிந்ததும் அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். உருகிப்போயிருந்த மனுஷனுக்குக் கவர் எங்கே ஞாபகம் இருக்கும்? “இப்படி ஒரு அபிநயத்தை என் ஆயுசில் பார்த்ததில்லை” என்று தழுதழுத்தார். மண்டபமே கை தட்டியது. ஜெயபாய் அழுதுவிட்டாள். படி இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. ஐயையோ, கவர்! விழுந்தடித்து ஓடி, டிரங்க் கால் போட்டு மதுரையைப் பிடித்தார். பக்கம் மிஷினில் ஏறிவிட்டது என்றார்கள்.

காலையில் பேப்பரைப் பார்த்து டீக்கடை சிரித்தது. “நேத்து மேடையில அழுதது யாரு, இதை எழுதினது யாரு? சாருக்கு ரெட்டைப் பிறவி உண்டா?” என்று கச்சேரிக்கு வந்திருந்த ஜவுளிக்கடை சுப்புராஜ் சத்தமாகவே கேட்டார். சௌந்தரபாண்டியன் டீயைக் குடிக்காமலே வீட்டுக்குத் திரும்பினார். அங்கே வெள்ளத்தாய். “அம்புட்டு அழுதீய, பொறவு ஏன் இப்படி எழுதினீய?” தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஜெயபாய் வந்தாள். கையில் பேப்பர். வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

“சண்டைக்கு வரலை அண்ணாச்சி. ஊருக்கு முன்னால என் மனசு நோகக் கூடாதுன்னு மேடையில நல்லதாச் சொன்னீய. உள்ளதைப் பேப்பர்ல எழுதிட்டீய. எங்கன உயிர் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்.”

ஒரே ஒரு வாக்கியம் போதும். பார்க்காமல் எழுதிவிட்டேன், தாயே. ஆனால் அதைச் சொன்னால் இன்றைய விமர்சனம் மட்டுமா போகும்? இத்தனை வருஷம் எழுதியதெல்லாம் பொய் என்றாகும். வரலாறும் கவிதையும்கூடச் சந்திக்கு வரும். வாய்வரை வந்ததை விழுங்கினார்.

“அந்த... அரிசி” என்றார். “அது நாட்டியத்துல சேராது. துயரத்துக்குன்னு முத்திரை இருக்கு, கண்ணீர் இருக்கு. அந்தக் காலத்துச் சதிர்ல எல்லாம் அப்படித்தான்.” வரலாற்றாசிரியர் அல்லவா, ஆதாரத்துக்கா பஞ்சம்?

ஜெயபாய் கையிலிருந்த பேப்பரை மடித்தாள். “அது எங்கம்மா செய்யறது அண்ணாச்சி. தம்பி தவசிமுத்து பட்டாளத்துல செத்துப்போனான். அம்மா இன்னமும் அவனுக்கு ஒரு பிடி எடுத்து, திரும்பப் போடுதா.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூசிக் குறுகிப்போனார், ஆனாலும் சொல்லவில்லை. “வீடு வேற, மேடை வேறம்மா” என்றார். பாவி மனுஷன்!

தை மாதம் இராஜபாளையத்திலேயே ஜெயபாய் ஆடினாள். சௌந்தரபாண்டியன் முதல் தடவையாக எதையும் எழுதி அனுப்பாமல் போயிருந்தார். பதம் வந்தது. உலை இல்லை, அரிசி இல்லை. நெஞ்சில் அடித்துக்கொண்டாள், விரல் நுனியால் கண்ணீர் சுண்டினாள், அவர் சொன்ன முத்திரைகள் ஒன்று தவறவில்லை. பின்வரிசையில் கடைசி பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஏங்க, அன்னைக்கு நம்மள அழவச்ச பாட்டா இது?” என்றாள் வெள்ளத்தாய்.

அவருக்கு மறுபக்கத்து நாற்காலியிலிருந்து சுப்புராஜ் சாய்ந்து அவர் கையைப் பிடித்தார். “சார், டீக்கடையில கிண்டல் பண்ணினதை மனசுல வச்சுக்காதீங்க. நாங்கதான் ஏமாந்து அழுதுட்டோம். நீங்க அன்னைக்கே சரியா எழுதிட்டீங்க. உயிரே இல்லை.”

சௌந்தரபாண்டியனுக்கு அந்தக் கையை உதறத் தோன்றியது. உதறவில்லை. மேடையில் பதத்தை முடித்த ஜெயபாய், கூட்டத்தில் அவரைத் தேடிக் கண்டுபிடித்தாள். சரியா அண்ணாச்சி என்று கேட்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினாள். முன்வரிசை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது.

சரி என்று தலையாட்டினார். அவள் முகம் மலர்ந்து அவரைக் கும்பிட்டாள்.