சுரிந்தர் கோஸ்லாவின் கடைசி வசனம்

1

இந்தக் கதை எனக்கு டார்ம்ஸ்டாட்டில் ஒரு தமிழ்க் கடையின் உறைபெட்டிக்கு முன்னால் கிடைத்தது. கணவாய் மீன் இருக்கிறதா என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். தோளில் தட்டியவர் சந்திரகாந்தி அக்கா. ஐம்பத்தெட்டு வயது. முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் ஊர்ச் சங்க மலரில் வரும் என் கதைகளைப் படிக்கிறவர் என்று நான் நம்பிக்கொண்டிருக்கும் இரண்டு பேரில் ஒருவர்.

“தம்பி, நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே?”

“ஓம் அக்கா.”

(இந்தக் கேள்விக்குப் பிறகு வழக்கமாக வருவது, தன் வாழ்க்கையை எழுதினால் பெரிய புத்தகமாக வரும் என்ற அறிவிப்பு. கணவாய்ப் பொதியை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன்.)

“எனக்கொரு வசனம் எழுதித் தர ஏலுமோ? ஒண்டே ஒண்டு காணும். வெள்ளிக்கிழமைக்குள்ளை வேணும்.”

“என்ன வசனம்?”

“ஒரு ஹிந்திப் படக்காரர் சாகேக்கை சொன்னது.”

“அவர் என்ன சொன்னவர்?”

“அது தெரிஞ்சால் நான் ஏன் உங்களிட்டை வாறன்?”

கணவாயைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டேன்.

2

முதல் தொடக்கம்:

பம்பாய் மழையில் சுரிந்தர் கோஸ்லா* முதன்முறையாகச் செத்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. அவருடைய தலை கதாநாயகனின் மடியில்—

விட்டுவிட்டேன். எழுதும்போதே எனக்கு என்மேல் பெருமை வந்தது. அப்படி வந்தால் வாக்கியம் உருப்படாது.

நேராகவே சொல்கிறேன். சுரிந்தர் கோஸ்லா அறுபதுகளில் நடித்த ஹிந்தி நடிகர். கதாநாயகனாக ஒரு படம் செய்தார், ஓடவில்லை. அடுத்த படத்தில் கதாநாயகனின் நண்பன். நண்பனுக்காகக் குண்டடிபட்டு, மழையில், நண்பனின் மடியில் ஒரு நீண்ட வசனம் பேசிச் சாக வேண்டும். செத்தார். கொட்டகை கொட்டகையாக ஜனங்கள் அழுதார்கள். அன்றோடு முடிந்தது அவர் கதை. அதற்குப் பிறகு வந்த தயாரிப்பாளர்கள் எல்லோருக்கும் அவருடைய சாவுதான் வேண்டியிருந்தது. காசநோயில் செத்தார், ஆற்றில் செத்தார், தங்கை கல்யாணத்தன்று பந்தலுக்குள்ளேயே செத்தார். படத்தின் தொடக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டு வந்தாலே பக்கத்துச் சீட்டுக்காரன் “இடைவேளைக்கு இருக்க மாட்டான்” என்பானாம். ஒரு படத்திலாவது கடைசிவரை உயிரோடு இருக்க வேண்டும் என்று அவர் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒருத்தரும் கொடுக்கவில்லை.

எழுபதுகளில் ஒரு பாட்டுப் படப்பிடிப்புக்கு ஜெர்மனி வந்தார். மொழிபெயர்க்க வந்த ஹெல்காவைக் காதலித்து இங்கேயே தங்கிவிட்டார். ஃபிராங்ஃபுர்ட்டில் கம்பளக் கடையில் நின்றார். ரூபா பிறந்தாள். ரூபாவுக்குப் பதின்மூன்று வயதானபோது பம்பாயிலிருந்து பழைய இயக்குநர் ஒருவர் கூப்பிட்டார். ஆறு வாரம் என்று சொல்லிப் போனவர் வருடக்கணக்காக வரவில்லை. அந்த இடைவெளியில் ஹெல்காவுக்குப் புற்றுநோய் வந்தது. ஒரு முற்பகலில், ரூபா பள்ளியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, ஹெல்கா ஆஸ்பத்திரியில் தனியாகச் செத்துப்போனார். பக்கத்தில் ஒரு மனிதரும் இல்லை. அதே கிழமை சுரிந்தர் எங்கோ ஒரு படப்பிடிப்பில், விளக்குகளுக்கும் ஆட்களுக்கும் நடுவில், செத்துக்கொண்டிருந்தார்.

ரூபா அதை மன்னிக்கவில்லை. வேடங்கள் வற்றி அவர் திரும்பி வந்த பிறகும், முப்பது வருடத்துக்கு மேல், தகப்பனோடு ஒரு சொல் பேசவில்லை. அவளுடைய இடத்தில் நானும் பேசியிருக்க மாட்டேன்.

* பெயரை மாற்றியிருக்கிறேன். இணையத்தில் தேடாதீர்கள், கிடைக்க மாட்டார்.

3

இனிக் கதையைச் சந்திரகாந்தியிடம் விடுகிறேன். (நேரில் அக்கா. கதைக்குள் அவள். எழுத்தில் மரியாதை கூடினால் ஆள் தூரப் போய்விடுகிறார்.)

கிழவரை இல்லத்துக்குக் கொண்டுவந்தபோது அவருக்கு மறதிநோய் நன்றாக முற்றியிருந்தது. ஜெர்மன் போய்விட்டது, ஆங்கிலமும் போய்விட்டது, மிஞ்சியது ஹிந்தி மட்டும். மேற்பார்வைக்காரி கிறிஸ்ரினா நேரே சந்திரகாந்தியிடம் வந்தாள். “நல்லதாப் போச்சு, உங்கடை ஆள் ஒருத்தர் வந்திருக்கிறார்” என்றாள். யாழ்ப்பாணத்துக்கும் பம்பாய்க்கும் எவ்வளவு தூரம், எத்தனை மொழி என்று சொல்ல வாயெடுத்தாள் சந்திரகாந்தி. முப்பத்தைந்து வருடமாக இதையே சொல்லிச் சலித்த வாய் அது. “ஓம்” என்றுவிட்டாள்.

அவளுக்கு ஹிந்தியில் தெரிந்தது நாலைந்து சொல். அவை எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சென்ரி பொயின்ரில், சோதனைக்குத் துவக்கோடு நின்ற இந்திய ராணுவத்தான்கள் வாயிலிருந்து கேட்டவை. ருக்கோ என்றால் நில். இதர் ஆவோ என்றால் இங்கே வா. அப்போது அவளுக்கு இருபது வயது, சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கடக்க வேண்டும். கிழவர் குளியலறையில் கையை நீட்டி “இதர் ஆவோ” என்று கூப்பிட்டபோது அவள் கதவுவரை பின்வாங்கினாள். முதல் கிழமை முழுக்கப் பயந்து பயந்துதான் அவருக்கு முதுகு தேய்த்தாள். கிழவருக்கு என்ன தெரியும், பாவம்.

பிறகு அவர் சாகத் தொடங்கினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு இடக்கையை நெஞ்சில் வைப்பார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்புவார். உடைந்த குரலில் நீளமாக ஏதோ பேசுவார். தலை சாயும், மூச்சு நிற்கும், கண் பாதி திறந்தபடி இருக்கும். முதல் தடவை கிறிஸ்ரினா அவசர மருத்துவரைக் கூப்பிட்டாள், மகளுக்கும் அறிவித்தாள். ரூபா மியூனிக்கிலிருந்து ரயிலேறி வந்து கதவைத் திறந்தபோது தகப்பன் தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரூபா கோபத்தில் அப்படியே திரும்பினாள். வாசலில் சந்திரகாந்தி நின்றாள்.

“நீங்கள்தானே அவரின்ரை பாஷை தெரிஞ்சவ? என்னதான் ஓயாமல் சொல்லிக்கொண்டு கிடக்கிறார்?” (ரூபா கேட்டது ஜெர்மனில். அக்கா எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.)

சந்திரகாந்தி அந்த முகத்தைப் பார்த்தாள். மகள் கோட்டைக்கூடக் கழற்றாமல், ரயில் ரிக்கெற்றைக் கையில் கசக்கியபடி நின்றாள்.

“உங்களைத்தான் கேக்கிறார்” என்றாள்.

4

இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு தேநீர் குடித்தேன். பொறாமை. நான் மூன்று பக்கம் மண்டையை உடைத்தும் இப்படி ஒரு வசனம் வந்ததில்லை.

ரூபா திரும்பி உள்ளே போனாள். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். அதற்குப் பிறகு ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் வந்தாள். கிழவர் கையை நெஞ்சில் வைத்துச் சாகத் தொடங்குவார், என்றோ நடித்து முடித்த ஏதோ ஒரு படத்தின் வசனம் என்று இப்போது நான் ஊகிக்கிறேன். சந்திரகாந்தி பக்கத்தில் நின்று ஜெர்மனில் சொல்வாள். உங்கள் தலைமயிர் அம்மாவினது மாதிரி என்கிறார். சின்னனில் சைக்கிளால் விழுந்தீர்களே, அந்தக் காயம் மாறிவிட்டதா என்கிறார்.

“சைக்கிளாலை விழுந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும் அக்கா?”

“விழாத பிள்ளை ஆர் தம்பி?”

சொல்லச் சொல்லச் சந்திரகாந்திக்குக் கை வந்தது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்தது. ஹெல்காவின் சாவைப் பற்றி மட்டும் கிழவர் வாயில் அவள் ஒன்றும் வைக்கவில்லை. அது தன் கையை மீறியது என்றாள். அதற்குத்தான் ரூபா காத்திருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

மகள் வராத நாட்களில் கிழவர் சந்திரகாந்திக்காக மட்டும் சாவார். செத்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். சந்திரகாந்தி கை தட்டி “நல்லாச் செய்தனீங்கள் ஐயா” என்றால்தான் எழும்பிச் சாப்பிடுவார். தட்டாவிட்டால் அப்படியே கிடப்பார். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ராணுவத்தான்களின் பாஷையைப் பேசுகிற ஒருத்தரைத் தனக்குப் பிடித்துப்போனது அவளுக்கே ஆச்சரியம்.

போன செவ்வாய்க்கிழமை கிழவர் உண்மையாகவே செத்துப்போனார்.

5

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தகனசாலை மண்டபத்தில் அஞ்சலி. சாகும்போது ஏதாவது சொன்னாரா என்று ரூபா கேட்டதற்கு ஓம் என்றுவிட்டாள் சந்திரகாந்தி, உடனே ரூபா ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். அப்பா கடைசியாகச் சொன்னதை எழும்பி நின்று சொல்ல வேண்டும். முதலில் அவருடைய பாஷையில், பிறகு ஜெர்மனில். ஃபிராங்ஃபுர்ட்டிலிருந்து நாலைந்து வட இந்தியக் கிழவர்கள் வருகிறார்களாம், அந்தக் காலத்தில் அவருடைய படம் பார்த்து அழுதவர்கள்.

கதையை முடிக்க இரண்டு வழி யோசித்தேன்.

அ) சந்திரகாந்தி மைக்குக்கு முன்னால் போகிறாள். தனக்குத் தெரிந்த ஹிந்தியில் இதமான ஒன்றைத் தேடி, “இதர் ஆவோ” என்கிறாள். இங்கே வா. துவக்குக்காரன் வாயில் கேட்ட சொல், தகப்பன் மகளைக் கூப்பிடும் சொல்லாக மாறுகிறது. கிழவர்கள் கண்ணைத் துடைக்க—

வேண்டாம். வாசித்துவிட்டு ஆகா என்பீர்கள், எனக்கும் நாலு பாராட்டு வரும். ஆனால் அந்தப் பெண் அந்தச் சொல்லுக்குப் பயந்து சைக்கிள் உருட்டியவள். அதை மைக்கில் சொல்லச் சொல்லி அவளை மேடையேற்ற எனக்கு மனமில்லை.

ஆ) சந்திரகாந்தி கிழவரிடம் கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்கிறாள். முன்வரிசைக் கிழவர் ஒருத்தர் நிமிர்கிறார், அது இன்ன படத்தில் அவர் பேசிய வசனம் என்று கண்டுபிடிக்கிறார். ரூபா சந்திரகாந்தியைத் திரும்பிப் பார்க்கிறாள். அத்தனை ஞாயிறும் ஒரு நொடியில்—

இது நடக்கக்கூடியது. அதனால்தான் பயமாக இருக்கிறது. இரண்டையும் அடித்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

6

“அக்கா, அவர் கடைசியாச் சொன்ன சத்தம் ஞாபகமிருக்கோ? விளங்காட்டிலும் பரவாயில்லை, சொல்லுங்கோ. அதை வச்சு ஏதாவது எழுதிப் பாப்பம்.”

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

“சத்தமெண்டு ஒண்டுமில்லை தம்பி.”

“அவர் ஏதோ சொன்னவர் எண்டு மகளிட்டைச் சொன்னனீங்கள்தானே?”

“சொன்னனான்தான். அவ கேட்ட கேள்விக்கு வேறை என்ன சொல்லுறது? நான் பக்கத்திலை இல்லை.”

பிறகுதான் அக்கா முழுவதையும் சொன்னார். அன்றைக்கு இரண்டு பேர் காய்ச்சல் வருத்தமென்று வேலைக்கு வரவில்லை. அக்கா தனியாக அந்த மாடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டுகளோடு அறைக்குள் போனபோது கிழவர் கையை நெஞ்சில் வைத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். பக்கத்து அறை மணி விடாமல் அடித்தது.

“‘இப்ப நடியாதேங்கோ ஐயா, வாறன்’ எண்டு தமிழிலை சொல்லிப்போட்டுப் போனன். அந்த மனிசி கட்டிலாலை விழுந்து கிடந்தவ, தூக்கி மாத்தி விட்டிட்டு வர நேரம் போட்டுது. வந்து பாத்தால் அப்பிடியே கிடக்கிறார். நான் கை தட்டினன் தம்பி. ரெண்டு தரம் தட்டினன்.”

எழுதுகிறவன் என்ற நினைப்பெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை.

“உள்ளதைச் சொல்லிவிடுங்கோவன் அக்கா” என்றேன் கடைசியில். “அவ விளங்கிக்கொள்ளுவா.”

“எதைச் சொல்லச் சொல்லுறீங்கள்? தாய் தனியச் செத்ததுக்காக முப்பது வருஷம் தகப்பனோடை கதைக்காமல் இருந்த பிள்ளையிட்டை, தகப்பனும் தனியத்தான் செத்தவர் எண்டோ?”

7

இன்று புதன்கிழமை மாலை. ஆயிரம் சொல்லுக்கு மேல் எழுதிவிட்டேன். கேட்டது ஒரு வசனம், அது இன்னும் வரவில்லை.

எனக்கும் ஹிந்தி தெரியாது. தெரிந்த ஒருவரைப் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம், அது பெரிய காரியமில்லை. மொழிபெயர்க்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. பக்கத்தில் ஒருத்தரும் இல்லாத அறையில் ஒரு மனிதர் ஏதாவது சொன்னாரா, சொன்னார் என்றால் அது பழைய படமா, ரூபாவா, ஹெல்காவா, அல்லது மணி அடித்த பக்கம் போனவளைத் திருப்பிக் கூப்பிட்டாரா, எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதிக்கொடுத்தால் அதை ரூபா சாகும்வரை நம்புவாள். எழுதிக் கொடுக்காவிட்டால் சந்திரகாந்தி மைக்குக்கு முன்னால் வாய்பேசாமல் நிற்பாள்.

வேறு கதையென்றால் இந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து உங்களை யோசிக்கவிட்டு நான் படுக்கப் போயிருப்பேன். இந்தக் கதையில் அது ஏலாது. ரூபா முன்வரிசையில் இருப்பாள். கிழவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அக்கா எழும்பிப் போவார், அவரிடம் ஒரு கடதாசித் துண்டில் நான் எழுதிக்கொடுத்தது இருக்கும், அல்லது இருக்காது.

வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் அப்பா இருந்திருப்பார். அவர் போன நேரம் நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம். யாராவது வந்து, அவர் கடைசியாக இதைத்தான் சொன்னார் என்று உங்களிடம் பொய் சொல்வதானால், என்ன சொல்ல வேண்டும் என்று விரும்புவீர்கள்? ஒரே ஒரு வசனம்தான். தமிழிலேயே சொல்லுங்கள், ஹிந்திக்கு மாற்ற ஆள் பிடிக்கிறேன். நாளைக்கு ஒருநாள்தான் இருக்கிறது.