வழி உண்டாக்காம்

எழுபத்தெட்டில் சார்ஜாவிலிருந்து லீவில் வந்த என் அக்காள் புருஷன் ஜெயதாஸ், கார் வாங்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தார். அதில் தப்பில்லை. அக்காள் லீலாபாய்க்கு அது ஒன்பதாம் மாதம். முதல் பிரசவத்துக்கு அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேர் ஒற்றையடிப் பாதையில் ரோடு வரை தூக்கிப் போனோம். பாதியில் ஒருவன் வழுக்கி விழப் பார்த்தான். இந்தத் தடவை வாசலிலேயே காரில் ஏறவேண்டும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

அத்தானின் அப்பா பாலையன், நிலக்காரர் சதாசிவன் பிள்ளையின் விளைத் தோட்டத்தில் குடிசை போட்டுக் கிடந்தவர். நிலச் சட்டம் வந்ததும் குடிசைக்காரருக்கான குடிகிடப்பு உரிமையாகப் பத்து சென்ட் கிடைத்தது. அதில் அத்தான் இரண்டு மாடி எழுப்பினார். நாலு பக்கமும் இன்னும் பிள்ளையின் மரச்சீனிக் கிழங்குத் தோட்டம்தான். வீட்டுக்கு நிலம் கொடுத்த சர்க்கார் வழி கொடுக்க மறந்துவிட்டது.

நான் பாறசாலையில் கார் பட்டறை வைத்திருப்பவன். அத்தான் என்னிடம் யோசனை கேட்பார், எடுக்கமாட்டார். புது அம்பாசடர் வாங்கச் சொன்னேன். வெளிநாட்டுப் பணம் கட்டினால் காத்திருக்க வேண்டாம். எருமைக்கடா மாதிரி உடம்பு, எட்டுப் பேர் ஏறினாலும் மூச்சு வாங்காது. ரோட்டோரம் ஒரு கொட்டகை போட்டு நிறுத்தலாம் என்றேன். கார் தன் முற்றத்தில்தான் நிற்கவேண்டும் என்றார்.

அவர் மனம் பிள்ளையின் காரில் இருந்தது. பிள்ளை தன் நல்ல காலத்தில் ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கிய சீமை வண்டி. சிவப்பு, மடக்குக் கூரை, இரண்டே சீட்டு. பந்தயம் ஓட்டச் செய்ததாம். நம்மூரில் அது பந்தயம் விட்டது பால்காரன் சைக்கிளோடு மட்டும்தான். சின்ன வயதில் அதைத் தொட்டதற்கு அத்தான் அடி வாங்கியிருக்கிறார். அந்த அடிக்குப் பதில் சொல்லத்தான் இந்த ஆசை.

பிள்ளையைப் பார்க்கப் போனோம். சார்ஜாவில் வெள்ளைக்கார மேனேஜரின் தோளில் தட்டிப் பேசுவதாகச் சொல்லும் அத்தான், வாசலிலேயே தோளில் கிடந்த துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டார். வண்டி வீட்டுக்குப் போக ஒரு வழி வேண்டுமே என்று இழுத்தார்.

"வண்டி எடுத்தோ ஜெயதாஸே," என்றார் பிள்ளை. "வழி நமக்கு உண்டாக்காம்."

இந்த மலையாளத்துக்குப் பாதை வெட்டித் தருகிறேன் என்றும் அர்த்தம், ஏதாவது செய்து சமாளிக்கலாம் என்றும் அர்த்தம். தினமும் மலையாளம் பேசுகிற மனிதருக்கு அன்றைக்கு முதல் அர்த்தம் மட்டும்தான் காதில் விழுந்தது. எழுதி வாங்குங்கள் என்றேன்.

"எலே, அங்ஙத்தே வாக்குச் சொல்லியாச்சு. எழுத்து எதுக்கு மக்கா?" என்றார் அத்தான். பிள்ளை அவருக்கு இன்னும் அங்ஙத்தே, எஜமான்தான்.

வண்டியை வாங்கியாயிற்று. மறுநாள் மண்வெட்டியோடு ஆள் கூட்டிப் போனார். பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வண்டி பழைய கொட்டகையிலேயே நிற்கட்டும், சாவி தன் மேசையில் இருக்கட்டும், வேண்டும்போது வந்து கேட்டால் போதும், அதுதான் வழி என்றார். அத்தான் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

பத்தாம் நாள் காலையில் வலி கண்டது. அத்தான் சாவிக்கு ஓடினார். வண்டியைத் தானே ரோட்டுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிப் பிள்ளை அவரைத் திருப்பி அனுப்பினார். மறுபடியும் அதே நாற்காலி, அதே பாதை. தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன்.

ரோட்டில் சிவப்பு வண்டி நின்றது. பிள்ளை வெள்ளை முண்டு உடுத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சீட்டு. அதில் அக்காளை ஏற்றினோம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தானைப் பார்த்தாள்.

"இது நம்ம வண்டியாக்கும். அவர எறங்கச் சொல்லுங்க."

அத்தான் வாயைத் திறந்தார். "அங்ஙத்தே," என்றார். அக்காள் பக்கத்துக் கதவைச் சாத்தினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாற்காலியைத் தூக்கி அத்தான் தலையில் போட்டிருப்பேன். நானாவது சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. வண்டி புறப்பட்டுப் போனது. நன்றாகவே ஓடியது.

நாங்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண் பிள்ளை பிறந்திருந்தது. அத்தான் வேர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போனார். அக்காள் கண்ணைத் திறந்தாள்.

"பஸ்ஸுல எடம் கெடச்சுதா?" என்று கேட்டாள்.