இன்று கடலில் நகர்ந்தவை

சட்டையின் மேல் பொத்தான் மாட்டவே இல்லை. தண்ணீரில் கிடந்த கழுத்து ஒரே நாளில் இரண்டு விரல் தடித்திருந்தது. அம்மா மூன்று முறை முயன்றுவிட்டு மகளைப் பார்த்தாள்.

"விட்டுடும்மா. அப்பா என்னைக்கு மேல் பொத்தான் போட்டாரு?"

"இன்னைக்காவது ஒழுங்கா போகட்டுமேடி" என்றாள் அம்மா.

அப்பா துறைமுகத்தில் லாஞ்சு ஓட்டியவர். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீர், காய்கறி, கடிதக்கட்டு என்று எதையாவது ஏற்றிக்கொண்டு முப்பத்தோரு வருடம் போய் வந்தார். நேற்று விடியற்காலை மூடுபனி. பச்சை மிதவையின் விளக்கு தெரிந்ததும், அதை வலக்கைப் பக்கம் விட்டுத் திரும்பினார். முப்பத்தோரு வருடமும் அப்படித்தான் திரும்பினார். விளக்கு அதேதான், இடம்தான் வேறு. புதிதாக ஆழப்படுத்திய வழிக்காகத் திங்கட்கிழமையே மிதவையைப் பாறைக்கு அந்தப் பக்கம் நகர்த்திவிட்டிருந்தார்கள். லாஞ்சு நேராகப் பாறையில் ஏறியது.

மிதவையோ கலங்கரை விளக்கோ, கடலில் எது மாறினாலும் துறைமுக அலுவலகம் முன்கூட்டியே அறிவிப்புப் போட வேண்டும். அதைத் தட்டச்சு செய்கிறவள் மகள்தான். லாஞ்சு ஓட்டுநர்கள் ஒவ்வொருவரும் மாடியேறி வந்து, படித்துப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்பா மட்டும் வந்ததே இல்லை. "அறிவிப்பையே பெத்து வளர்த்து வச்சிருக்கேன், நான் எதுக்கு மாடி ஏறணும்?" என்பார். இரவு தட்டின் முன் உட்கார்ந்ததும், "இன்னைக்குக் கடல்ல என்னடி நகர்ந்துச்சு?" என்று கேட்பார். அவள் சொல்வாள். மறுநாள் பதிவேட்டில் அப்பாவின் கையெழுத்தை அவளே போட்டுவிடுவாள். ஆறு வருடமாக இப்படித்தான். வெளியாள் ஒருவருக்கும் தெரியாது. சித்தப்பாவுக்குத் தெரியும். அவர் வெளியாள் இல்லையே.

சித்தப்பா மிதவைப் படகின் மேஸ்திரி. சின்ன வயதில் அவளுக்குக் கடல் என்பது ஒரு பெரிய இருட்டு அறை. மிதவைகள் அதில் போட்ட நாற்காலிகள். சித்தப்பா அவற்றை இடம் மாற்றிக்கொண்டே இருப்பார், அப்பா ஒன்றிலும் இடித்துக்கொள்ளாமல் நடந்து போவார். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், அப்படித்தான் இருவரின் வேலையையும் விளக்குவாள்.

இப்போது சித்தப்பா வாசலிலிருந்து வந்து அவள் காதருகே குனிந்தார். "விசாரணை அதிகாரி வந்திருக்காரு. பின்னறைக்கு வா பாப்பா. ரெண்டே நிமிஷம்."

அதிகாரி செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார். துணி தேய்க்கும் மேசையில் பதிவேட்டைத் திறந்து வைத்தார்.

"இந்த நேரத்துல வந்ததுக்கு மன்னிக்கணும்மா. அறிவிப்பு திங்கக்கிழமையே போயிருக்கு. உங்கப்பா பார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்காரு. அது அவரோடதுதான்னு குடும்பத்துல ஒருத்தர் சொல்லணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால், தெரிந்தே போய் மோதினவர் என்று அப்பாவின் பெயருக்கு எதிரே எழுதி மூடிவிடுவார்கள்.

அவள் குனிந்து பார்த்தாள். அப்படி ஓர் அறிவிப்பை அவள் தட்டச்சு செய்யவே இல்லை. தேதி திங்கட்கிழமை. கீழே அப்பாவின் கையெழுத்து, அதன் அடியில் ஒரு கோடு. அப்பா கோடு போட்டால் கதவைச் சாத்தியதுபோல் நிற்கும். அவள் போடும்போது மட்டும் கடைசியில் கொஞ்சம் மேலே வளைந்துவிடும். எவ்வளவு முயன்றும் அவள் கையை விட்டுப் போகாத வளைவு. இதில் கோடு வளைந்திருந்தது. எழுதியவர் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்து எழுதவில்லை. அவளுடையதைப் பார்த்து எழுதியிருந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன் சார்" என்றாள். அதிகாரி புரிந்துகொண்டவர்போல் தானே எழுந்து வெளியே போனார்.

சித்தப்பா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கிழமை நீங்கதானே நகர்த்துனீங்க?"

"கிரேன் அன்னைக்குத்தான் கிடைச்சுது. அறிவிப்பு பின்னாலேயே வந்துடும்னு துறைமுக ஆபீஸ் பெரியவர் சொன்னாரு. உத்தரவு வராம நகர்த்துனது தெரிஞ்சா எனக்கும் வேலை போயிடும், அவருக்கும் போயிடும். வாயைத் திறக்காதேன்னாரு."

"அன்னைக்கு ராத்திரி இங்கதான் சாப்பிட்டீங்க."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா கேட்டாரு. நான் ஒண்ணும் நகரலப்பான்னு சொன்னேன். நீங்க எதிர்லதான் உக்காந்திருந்தீங்க."

"ஒரு நாள்தானேன்னு இருந்துட்டேன்மா. காலையில அறிவிப்பு வந்துடும், நீயே சொல்லிடுவேன்னு நினைச்சேன்."

"இன்னொரு கரண்டி போடுன்னு கேட்டீங்க."

வாசலில் யாரோ வண்டிக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு பாப்பா. இது அவரோடது இல்லேன்னு நீ சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பான். ஆறு வருஷத்துக் கதையும் வெளிய வரும். உன் வேலை போச்சுன்னா உங்கம்மாவை யாரு பாக்கறது? அண்ணனுக்கு இனிமே நல்ல பேரு என்ன, கெட்ட பேரு என்ன? இருக்கறவங்களைப் பாரு."

"நல்லாத்தான் பழகியிருக்கீங்க" என்றாள் அவள். "எத்தனை தாள் கிழிச்சீங்க?"

அவர் தன் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அதிகாரி திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை.

"சார், பக்கத்தைப் பின்னால புரட்டுங்க. இன்னும் பின்னால. ஆறு வருஷமா அப்பா பேருல இருக்கறதெல்லாம் நான் போட்டது. அவருக்கு வீட்டுல சொல்லிட்டு, மறுநாள் நானே போடுவேன். கடைசி ஒண்ணை மட்டும் நான் போடல. அப்பாவும் போடல."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். ஒரு தரம் சித்தப்பாவைப் பார்த்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றியாம்மா? இது முதல்ல உன்னைத்தான் பிடிக்கும்."

"தெரியும் சார்."

"எழுதித் தருவியா?"

"பேனா இருந்தா குடுங்க."

அவள் எழுதி முடிப்பதற்குள் கூடத்தில் பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். லாஞ்சுக்காரர்கள் மூன்று பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருந்தார்கள். "தம்பி எங்கப்பா? கூடப் பொறந்தவர் ஒரு கை பிடிக்க வேணாமா?" என்று ஒருவர் குரல் கொடுத்தார். சித்தப்பா பின்னறையிலிருந்து வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நான்காவது மூலையைப் பிடித்தார்.

பெட்டி வாசலை நோக்கி நகர்ந்தது. முன்பக்கம் பிடித்துப் பின்னோக்கி நடந்த சித்தப்பாவுக்குத் தன் கால் தெரியவில்லை, பெட்டி மறைத்தது. வீட்டுப் படிகளில் கடைசி மட்டும் மற்றவற்றைவிட ஒரு சாண் ஆழம். பழகியவர்கள்கூடப் பார்க்காமல் இறங்கினால் அங்கே தடுமாறுவார்கள். அவள் கதவருகே நின்று அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் படி. இரண்டாவது படி.

"சித்தப்பா" என்றாள். "கடைசிப் படி பள்ளம்."

அவர் ஒரு நொடி நின்றார். பிறகு காலை மெல்லத் தாழ்த்தி, தரையைத் தேடினார்.