துட்டு மட்டும் மிஞ்சியபோது

பக்கவாதத்திலிருந்து பிழைத்து எழுந்த டில்லிபாபுவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. துட்டு.

தண்ணீர் வேண்டுமென்றாலும் துட்டு. மின்விசிறியைக் குறைக்க வேண்டுமென்றாலும் துட்டு. மகள் அன்புச்செல்வி "நைனா" என்று கையைப் பிடித்தபோதும், கண்ணீர் வழிய "துட்டு, துட்டு" என்றார். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவர் மனைவி தேவானை கூனிக்குறுகிப் போனாள்.

அடையாறில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் டில்லிபாபு. ஆற்றங்கரைக் குடிசையை அரசாங்கம் எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே வீடு கொடுத்த பிறகும், விடியற்காலையில் பஸ் பிடித்து வந்து பழைய மரத்தடியில்தான் நிற்பார். தானும் டீ குடிக்க மாட்டார், பிறருக்கும் வாங்கித் தர மாட்டார். தெருவே அவரைக் கஞ்சன் என்றது.

"சாவக் கெடந்தும் காசு ஆசை போவல பாருங்க மேடம்" என்று, ராயப்பேட்டையில் பேச்சுப் பயிற்சி தரும் ஃபிசாவிடம் குமுறினாள் தேவானை.

"ஆசை இல்லம்மா. மூளையில அடிபட்டா சில பேருக்கு ஏதாவது ஒரு வார்த்தைதான் வாயில நிக்கும். அவர் தண்ணின்னுதான் நினைக்கிறார். வெளிய வர்றது துட்டு."

டில்லிபாபு வேகமாகத் தலையாட்டினார். "துட்டு" என்றார், கெஞ்சுகிற குரலில். தேவானை அந்தக் குரலை இப்போதுதான் கவனித்தாள்.

படங்களைக் காட்டிக் காட்டி வாரங்கள் ஓடின. புதிதாக எதுவும் வரவில்லை. ஒருநாள் ஃபிசா கேட்டாள்: "வீட்ல ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்குவீங்க? பழகின பேச்சு சில சமயம் தானா வரும்."

"எங்க பேசறது, சண்டதான். கஞ்சூஸ்னு திட்டுவேன். ரொம்பக் கோவம் வந்தா பிசினாரி."

ஃபிசா சிரித்தாள். "கஞ்சூஸ் எங்க வீட்டு உருதுலயும் இருக்கு. இவர் சொல்ற துட்டு இன்னும் தூரத்துலேர்ந்து வந்தது. பழவேற்காட்டுல வியாபாரம் பண்ண டச்சுக்காரங்களோட செப்புக்காசுக்கு அந்த மாதிரிதான் பேரு."

"பிசினாரி?"

"பிசின் மாதிரி காசோட ஒட்டிக்கிறவன்னு சொல்றாங்க. உறுதியா எனக்குத் தெரியாது."

"அடப்பாவி! திட்றதுக்குக் கூட கப்பல்ல சரக்கு வந்துகீதே!"

டில்லிபாபு கடகடவென்று சிரித்தார். ஃபிசா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, இப்ப அவரைத் திட்டுங்க. வீட்ல திட்டற மாதிரியே."

கோணிப்போன அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட தேவானைக்கு வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பழசையெல்லாம் நினைத்தாள். கோபம் மெல்ல ஏறியது.

"பீச்சாண்ட கூட்டிக்கினு போனியே, கொழந்த அழுவ அழுவ ஒரு ஐஸ் வாங்கிக் குடுத்தியாயா? பிசினாரி! கஞ்சப் பிசினாரி!"

"போடி!" என்றார் டில்லிபாபு.

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது.

"இன்னா சொன்ன?"

"போடி… போடி!"

தேவானை சிரித்துக்கொண்டே அழுதாள். புருஷன் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் அவளாகத்தான் இருப்பாள்.

அதன்பின் தினமும் காலையில் வீட்டில் சண்டை நடந்தது. பதறி ஓடிவந்த அக்கம்பக்கத்தார் விஷயம் தெரிந்ததும் தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். 'வுடு' வந்தது, 'சும்மா இரு' வந்தது. தடுமாறித் தடுமாறி 'சோறு' வந்தது.

மழைக்காலம் முடிந்ததும் வண்டியை மறுபடி மரத்தடிக்குக் கொண்டுவந்தார்கள். தேவானை இஸ்திரி போட, அவர் இடது கையால் மடித்து அடுக்கினார். அவள் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு பெண் புடவையோடு வந்தாள்.

"எப்ப கிடைக்கும்?"

தேவானை குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அதற்குள் டில்லிபாபு மூச்சை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து, சொல்லி முடித்திருந்தார்.

"சா…யங்…காலம்."

அந்த வார்த்தையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தப் பெண் சரியென்று புடவையை வைத்துவிட்டுச் சாதாரணமாக நடந்து போனாள்.