புன்னவிளைக் குளத்தில் நைட்டி கூடாது

அந்தப் பலகையை நட்டவன் கையில் கிடைத்திருந்தால், தங்கபாய் அதே பலகையைப் பிடுங்கி அவன் மண்டையில் போட்டிருப்பாள். புன்னவிளைக் குளத்துப் பூங்காவின் கேட்டுக்குப் பக்கத்தில் புதுப் பச்சைப் பெயிண்டில் மூன்று வரி. நாய்களைக் கொண்டுவரக் கூடாது. துப்பக் கூடாது. நைட்டி அணிந்து நடக்கக் கூடாது. மலையாளத்தில் எழுதியிருந்ததை அவள் இரண்டு தடவை வாசித்தாள். நாய்க்கும் எச்சிலுக்கும் அடுத்த இடம் அவளுக்கு!

"எலே எலியா, இது ஆருக்க வேலை?"

வாட்ச்மேன் எலியா அவளோடு ஒரே சபையில் பெஞ்சில் உட்காருகிறவன். தலையைச் சொறிந்தான். "அக்கா, எனக்கொண்ணும் தெரியாது. பஞ்சாயத்துல இருந்து வந்து நட்டுட்டுப் போனாவ. இன்னைக்கு நடந்துட்டுப் போங்க. நாளை முதல் விட்டேன்னா எனக்க வேலை போவும்."

"நல்லா இருக்குலே. துணியைப் பாத்து ஆளை விடுத காலம் வந்தாச்சு என்ன?"

நைட்டி என்றால் என்ன நினைத்துவிட்டார்கள்? பாறசாலையில் தொடங்கி நெய்யாற்றின்கரை வரைக்கும் எந்த வீட்டு வாசலில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். மீன்காரனிடம் சண்டை போடுவது நைட்டியில்தான். பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றுவதும், பால் வாங்கப் போவதும், ரேஷன் கடை வரிசையில் நிற்பதும் நைட்டியில்தான். வெளியே இறங்கினால் மேலே ஒரு தோர்த்துத் துண்டு, அவ்வளவுதான் வித்தியாசம். தங்கபாய் இருபத்தாறு வருடமாக நைட்டி தைக்கிறாள். குளத்தைச் சுற்றி நடக்கும் பெண்களில் பாதிப் பேர் உடுத்தியிருப்பது அவள் மெஷினில் தைத்தது.

ஆனால் அவளுக்கு அது வெறும் பழக்கமும் இல்லை. சர்க்கரை வியாதி அவளுடைய இடது காலில் ஒரு விரலை ஏற்கெனவே தின்றுவிட்டது. மிச்சப் பாதத்தில் உணர்ச்சி கிடையாது. போன வருடம் ரோட்டில் நடந்தபோது ஆணி ஏறியதே தெரியாமல், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: தினமும் நாற்பது நிமிடம் நடந்து சர்க்கரையைக் கீழே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அடுத்தது பாதம். சமமான தரையில் மட்டும் நடக்கணும். காலில் எதுவும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது.

சேலை கட்டினால் விளிம்பு காலுக்கடியில் போவது அவளுக்குத் தெரிவதில்லை. அப்படித்தான் ஒருமுறை சர்ச் படியில் விழுந்தாள். மருமகள் வாங்கித் தந்த சுடிதாரின் கால்பகுதி, வீங்கிய பாதத்தில் ஏறும்போது தோலை உரித்தது. கடைசியில் தன் நைட்டியையே நாலு விரல் குட்டையாக வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டாள். ரோட்டில் டிப்பர் லாரியும் தெருநாயும். புன்னவிளைக் குளத்தைச் சுற்றித்தான் செங்கல் பதித்த சமமான பாதை, இரண்டு பக்கமும் மரம். நாலு மாதம் நடந்தாள். சர்க்கரை நூறு புள்ளி இறங்கியது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஆறு வாரம். இப்போது பார்த்து ஒரு பலகை!

அன்றைக்கு அவள் நடக்கவே இல்லை. நேராகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், திறக்கும் வரைக்கும் வாசலிலேயே காவல் கிடந்தாள்.

பத்தே காலுக்குத்தான் கிளார்க் பிரசீதா வந்தாள். அவளுக்கும் தங்கபாய்தான் தைத்துக் கொடுப்பது. கண்டதும் முகம் வெளிறிப்போயிற்று.

"சேச்சி, கமிட்டியில பாஸ் ஆன காரியம் அது. பூங்காவுல நடக்கிற கிளப்காரங்க பராதி மனு கொடுத்தாங்க. நாப்பது கையொப்பு இருக்கு."

"ஆரு ஆரு ஒப்பு போட்டதுன்னு எனக்குப் பாக்கணும்."

"அது வேண்டாம் சேச்சி."

"ஏன் வேண்டாம்? பொதுக் காகிதம்தானே? காட்டு."

பிரசீதா மறுபடியும் வேண்டாம் என்றாள். அந்தக் குரலில் இருந்த இரக்கம்தான் தங்கபாயை உலுக்கியது. கை நீட்டியபடியே நின்றாள். ஃபைல் வந்தது. 'கண்ணியக் குறைவான உடையில் வரும் சில ஸ்த்ரீகளால் குடும்பமாக வருவோருக்குச் சங்கடம்' என்று கம்ப்யூட்டரில் அடித்திருந்தது. அதன் கீழே முதல் கையெழுத்து கிளப் செக்ரட்டரியுடையது. ஜெனில் டி. ராஜ்.

அவளுக்க மோன், ஒரே மகன்.

இனிஷியலில் நிற்கும் அந்த 'டி' அவள்தான். அப்பன் சீக்கிரம் செத்துப்போனதால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவளே தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக் கொடுத்தாள். அவன் படித்ததும், கழக்கூட்டம் ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போனதும், இப்போது நீல டி-ஷர்ட் போட்டுக் கிளப்போடு நடப்பதும் எல்லாம் நைட்டித் துணியின் மேல்தான். கண்ணியக் குறைவாம்! பிரசீதா தண்ணீர் நீட்டினாள். அதைக்கூட வாங்காமல் இறங்கி நடந்தாள்.

சாயங்காலம் அவன் ஷூவைக் கழற்றும்வரை கூட அவள் பொறுக்கவில்லை.

"கண்ணியக் குறைவுன்னா என்னலே?"

ஜெனிலுக்குப் புரிந்துவிட்டது. கதவைச் சாத்தினான். "அம்மா, பைய பேசுங்க. அது உங்களை மனசுல வச்சு எழுதினதில்ல."

"பின்னே ஆரை? குளத்துல இருக்கிய தவளையையா?"

"பல ஊர்ல இருந்து ஆளுக வருவினும். டாக்டர், வக்கீல், காலேஜ் சார்மாரு. ஒரு ஸ்டாண்டர்டு வேணும்னு எல்லாரும் சொன்னாவ. நான் செக்ரட்டரி, முதல்ல நான்தானே ஒப்பு போடணும்?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்கு டிரெட்மில் புக் பண்ணிட்டேன். வெயிலும் இல்ல, மழையும் இல்ல. வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்."

"உணர்ச்சி கெட்ட காலை வச்சு ஓடுத பெல்ட்டுல ஏறணும், இல்லியா? விழுந்து செத்தா உனக்குப் பிரச்சினையும் தீரும்."

"அப்படி ஏம்மா பேசுறீங்க?"

அப்போதுதான் அவளுக்கு வேறொன்று தைத்தது. நாலு மாதமாக அவனும் அவளும் ஒரே குளத்தை, ஒரே நேரத்தில் சுற்றுகிறார்கள். எதிரே வந்தால் அவன் காதில் பாட்டு இருக்கும், கண் தூரத்தில் இருக்கும். பிள்ளை ஓடுகிற வேகத்தில் பார்க்கவில்லை என்று அவளே அவனுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஜெனிலே, நேராச் சொல்லு. உனக்க கிளப்ல ஒருத்தனுக்காவது நான் உனக்க அம்மைன்னு தெரியுமா?"

அவன் குனிந்தான். ஷூ லேஸை முடிச்சுப் போட்டான், அவிழ்த்தான், மறுபடியும் முடிச்சுப் போட்டான்.

தங்கபாய் கத்துவாள் என்று சமையலறையில் நின்ற மருமகள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நாளைக்கு ஆறு மணிக்கு நான் இதே நைட்டியில வாறேன். நீயும் நிப்பே. அந்தப் பலகையை எடுக்கச் சொல்லல. இது எனக்க அம்மையாக்கும், இவியளுக்குக் கால் வய்யாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அது போதும். மிச்சம் நான் பாத்துக்கிடுவேன்."

"செரி அம்மா," என்றான் ஜெனில், தரையைப் பார்த்து.

மறுநாள் காலையில் அவளுக்கு முன்னால் அவன் பைக்கில் போய்விட்டான். அவள் தோர்த்தைத் தோளில் சரியாகப் போட்டு, மெதுவாக, ரோட்டின் ஓரத்துக் குழிகளைப் பார்த்துப் பார்த்துப் போய்ச் சேர்ந்தாள். எலியா அவளைக் கண்டதும் பாத்ரூம் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோலப் போய்விட்டான். பாவம், அவனை என்ன சொல்ல! கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

கிளப் ஆட்கள் குளக்கரையில் கையைக் காலை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் நீல டி-ஷர்ட், முட்டுக்கு மேலே நிற்கும் அரை டிராயர். அந்தத் தொடைகளால் யாருக்கும் சங்கடம் வராதாம். தலைவர் வக்கீல் சிவபிரசாத் சிரித்த முகத்தோடு முன்னால் வந்தார். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் பேசிப் பேசிப் பதமான குரல்.

"அம்மச்சி, போர்டு கண்டிருப்பியளே?"

"கண்டேன் சாரே. எனக்குக் காலு வய்யாது. சேலை தடுக்கும், சுடிதார் ஏறாது. நடக்கேல்லன்னா காலை வெட்டணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"கஷ்டம்தான். மனசிலாகுது. ஆனா ஒருத்தருக்கு விட்டா பிறகு எல்லாரும் வருவாங்க." தலையை ஆட்டினார். பிறகு, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: "இதையெல்லாம் வந்து பேசுறதுக்கு வீட்டுல ஆரும் இல்லியா? மக்கள் இருப்பாங்களே?"

அவருக்குப் பின்னால், இரண்டு ஆளுக்கு அப்பால், ஜெனில் நின்றான். தங்கபாய் அவனைப் பார்த்தாள். மறைத்துப் பார்க்கவில்லை, நேருக்கு நேராகப் பார்த்தாள். அவன் வாய் லேசாகத் திறந்தது. அவளுக்குள் சட்டென்று ஒரு ஆசை, சொல்லிவிடுவான், எனக்க பிள்ளையல்லவா, இதோ சொல்லிவிடுவான். பக்கத்தில் நின்றவன் அவனிடம் ஏதோ கிசுகிசுத்துச் சிரித்தான். ஜெனிலும் சிரித்தான். பிறகு கையைத் திருப்பி, வாட்ச்சில் எத்தனை அடி நடந்திருக்கிறோம் என்று பார்த்தான்.

தங்கபாய்க்குக் கோபம் தலைக்கேறி, அங்கேயே நின்று கெட்டிப்பட்டது. அழுகை வரும் என்று பயந்திருந்தாள். வரவில்லை.

"இல்ல சாரே," என்றாள், குளத்தின் அக்கரையில் நடப்பவர்களுக்கும் கேட்கும்படி. "எனக்கு மக்கள் ஆரும் இல்ல. ஒருத்தனைப் பெத்தேன். எனக்குன்னு நிக்கேல்ல. அதனாலயாக்கும் எனக்க காலை நானே பாத்துக்கிட வேண்டியிருக்கு. வழி விடுங்க."

வக்கீல் தன்னையறியாமல் நகர்ந்தார். "அம்மா," என்று பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கபாய் மட்டும் திரும்பவில்லை, இடது காலை முதலில் எடுத்து வைத்து நடந்தாள்.