குடிக்காத டிரைவருக்குப் படைத்த குவார்ட்டர்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. 2009இல் சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும் பஸ்ஸில் ஜான்சி சொன்னது. மஞ்சக்குப்பத்தில் எனக்கு எதிர்வீடு. சிதம்பரத்தில் கல்லீரல் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஆலப்பாக்கம் தாண்டும்போது அவள் சொல்லி முடித்தாள். அதற்குள் நான் திருடி முடித்திருந்தேன். (சம்பந்தப்பட்ட பெண்ணைக் கேட்டுக்கொண்டுதான் சொன்னாளாம். "எழுதட்டும், பேரை மட்டும் மாத்தச் சொல்லுங்க" என்றாளாம் அவள். மாற்றிவிட்டேன்.)

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

'ராஜமாணிக்கத்தின் கல்லீரலில், அவருக்கே தெரியாமல், ஒரு

வேண்டாம். மனிதரை முதலில் சொல்ல வேண்டும், ஈரலைப் பிறகு.

2

ராஜமாணிக்கம் பஸ் டிரைவர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருக்கிற பள்ளமெல்லாம் அவருக்கு மனப்பாடம். சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் பன்னீர் சோடா குடித்துக் கேலிக்கு ஆளாகிறவர். ஐம்பது தாண்டியதும் வயிறு வீங்கியது. சிதம்பரத்தில் பார்த்துவிட்டு, கல்லீரலில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். ஈரல் கெட்டால் குடிதான் என்பது நம் ஊர் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது. 'ரகசியக் குடிகாரன்' என்று பேசிக்கொண்டார்கள்.

காரணம் வேறு. ஹெபடைட்டிஸ் பி என்கிற மஞ்சள் காமாலைக் கிருமி.* அது கல்லீரல் செல்லின் மரபணுவுக்குள்ளேயே தன் எழுத்தைச் செருகிவிடும். வருஷக்கணக்கில் செல்லின் கட்டுப்பாடு தளரும். பிறகு நடப்பதில் பாதி அந்த மரபணு; மீதி, சுற்றி நிற்கும் காவல் செல்கள். ஜான்சி ஆராய்வது இந்தச் சுற்றத்தைத்தான். எனக்கு ஏன் வந்தது என்று ராஜமாணிக்கம் விடாமல் கேட்டதால் அவருடைய கட்டியின் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள்.

"இதெல்லாம் உங்க உடம்போட காவல்காரங்க. கட்டியச் சுத்தி நிக்கிறாங்க. பாதிப் பேரு களைச்சுப்போயிட்டாங்க. மீதிப் பேரை, அடிக்காத, வுடுன்னு தடுக்க வேற செல்லுங்க இருக்கு."

அவர் ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுல சண்டை நடந்தா இப்படித்தான் மேடம். எல்லாரும் சுத்தி நிப்பான். ஒருத்தனும் உள்ள பூந்து வெலக்க மாட்டான்."

சாகப்போகிற மனிதர் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாராம். நானாக இருந்தால் அழுதிருப்பேன்.

_* ரத்தத்தில் பரவும், தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும், தாம்பத்தியத்தில் வரும். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதால் வராது, பரிமாறுகிற கையாலும் வராது. தடுப்பூசி இருக்கிறது. இந்தக் குறிப்பு கடைசியில் உங்களுக்குத் தேவைப்படும்._

3

அவர் மகள் இளமதிக்கும் சோதித்தார்கள். கிருமி இருந்தது, நோய் இல்லை. அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டால் போதும். கட்டிக்கொள்ளப்போகிறவன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அவனுக்கும் பயமில்லை.

கட்டிக்கொள்ளப்போகிறவன் மங்கலம்பேட்டையில் இருந்தான். தை மாதம் கல்யாணம். இளமதியின் அம்மா தங்கம்மாள் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "தாலி ஏர்ற வரைக்கும் வாயத் தொறக்காத."

4

கருமாதி. ஜான்சியும் போயிருந்தாள். செத்தவர் ஆசைப்பட்டதையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பது நம் பக்கத்து வழக்கம். போண்டா, வெற்றிலை, பன்னீர் சோடா. தங்கம்மாளின் தம்பி மணவாளன் மடியிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"மச்சான் மறைச்சு மறைச்சுக் குடிச்சது போதும். இன்னிக்காவது நிம்மதியா குடிக்கட்டும்."

(மணவாளனை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. அத்தனையும் பாசம்.)

தங்கம்மாள் பாட்டிலை எடுத்துத் தம்பியின் கையில் திணித்தாள். "அவுரு இதத் தொட்டதில்லடா."

"அப்ப ஈரல் எப்படிக்கா வெந்துது?"

சுற்றிலும் சொந்தக்காரர்கள். பெண்கள் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா விருத்தாம்பாள். தங்கம்மாள் சொன்னால் மகள் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் புருஷன் குடிகாரனாகவே போய்ச்சேருவார்.

"கிருமி, மாமா" என்றாள் இளமதி. "மஞ்சக்காமாலைக் கிருமி. அப்பாவுக்கு இருந்துது. எனக்கும் இருக்கு. நீங்கல்லாம் ரத்தம் குடுத்துப் பாத்துக்கங்க. இல்லாதவங்க ஊசி போட்டுக்கங்க."

5

இந்த இடத்தை மூன்று முறை அடித்தேன். கல்யாணம் நிச்சயமான பெண், சம்பந்தி முன்னால் இப்படிப் பேசுவாளா? அவளை அழவைத்து எழுதினேன். மயங்கி விழவைத்தேன் (வெட்கமாக இருக்கிறது). "வாசகர்கள் நம்ப மாட்டாங்கம்மா" என்றேன் ஜான்சியிடம்.

"நான் அங்கதான் நின்னேன் அண்ணே. இத்தன வருஷமா மைக்ராஸ்கோப்புல பாக்குறேன், சுத்தி நிக்கிறதுல ஒண்ணாவது உள்ள பூந்து அடிக்குதான்னு. அன்னிக்கு அவதான் பூந்தா."

இந்த வரி எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாக இருக்கிறது. இளமதி எப்படிச் சொன்னாளோ அப்படியே விட்டுவிட்டேன். என்னைவிட அவள் பெரிய ஆள்.

6

முடிவுகள்:

விருத்தாம்பாள் எழுந்து போய்விடுகிறாள். (நடக்கக்கூடியது.)

விருத்தாம்பாள் ஓடிவந்து இளமதியைக் கட்டிக்கொண்டு, "என் மருமகளே

சினிமா. அடித்துவிட்டேன்.

நடந்தது என்ன என்று ஜான்சிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இதுவரை மட்டும் சொல்கிறேன். மணவாளன் பாட்டிலை மடியில் செருகிக்கொண்டு, சோடாவை இலைக்கு நடுவே நகர்த்தி வைத்தான். படையல் முடிந்து பந்தி போட்டார்கள். இளமதிதான் சோறு பரிமாறினாள். விருத்தாம்பாளின் இலைக்கு முன்னால் வந்ததும் அவள் கரண்டியைச் சோற்று வாளியிலேயே வைத்தாள்.

விருத்தாம்பாளை நான் இங்கே எழுப்பிவிடுகிறேன். அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். நட்சத்திரக் குறிப்பை வேண்டுமானால் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரே மகன். சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண் குனிந்து கேட்கிறாள்:

"சோறு வக்கட்டுமா அத்த?"