வசந்தகுமாரி காப்புறுதி எடுத்த கதை

கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, எடுத்தே ஆகவேண்டும் என்று சொன்ன டாக்டர் அடுத்ததாக இன்சூரன்ஸ் அட்டையைக் கேட்டார். வசந்தகுமாரி ஐ.நா. அகதிகள் அலுவலகம் கொடுத்த கடதாசியை நீட்டினாள். அவளும் கணவன் நிர்மலனும் புகலிடம் கேட்டுக் காத்திருப்பவர்கள் என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி அது. டாக்டர் அதை முழுதும் படித்தார். இதை வைத்து எந்தக் கம்பெனியும் காப்புறுதி தராது, அதற்கு விசா வேண்டும் என்று மெதுவாகச் சொல்லி, இரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இருவருக்கும் விசா முடிந்து வெகுநாளாகிவிட்டது. காணாமல்போன தன் தம்பிக்காக நிர்மலன் சாட்சி சொன்ன பிறகுதான் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு ஆட்கள் தேடி வரத் தொடங்கினார்கள். அதனால்தான் ஷார்ஜாவுக்கு வந்தார்கள். அவனுடைய பாஸ்போர்ட்டும் காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்க வேண்டுமானால், யாருக்குப் பயந்து ஓடிவந்தானோ அந்த அரசாங்கத்தின் தூதரக வாசலிலேயே போய் நிற்கவேண்டும்.

"நீர் ஊருக்குப் போம்," என்றான் நிர்மலன் அன்று. "அங்க பெரியாஸ்பத்திரியில காசில்லாமல் வெட்டி எடுப்பினம்."

"போனால் உங்களை எங்கையெண்டு என்னட்டத்தான் கேப்பினம். நான் என்ன சொல்லுறது?"

இரவெல்லாம் யோசித்தவளுக்கு விடிகாலையில் ஒன்று பிடிபட்டது. காலாவதியானது அவனுடைய பாஸ்போர்ட்தான். அவளுடையது இன்னும் செல்லும். அப்போது விசா முடிந்தவர்களுக்கான பொதுமன்னிப்புக் காலம் நடந்துகொண்டிருந்தது. வேலை தரும் கம்பெனி ஒன்று கிடைத்தால், அபராதம் இல்லாமல் அவள் பெயருக்கு விசா எடுக்கலாம். விசாவோடு காப்புறுதியும் வரும்.

"வேலை விசா எடுத்தால், நாங்கள் ஐ.நா.வுக்குச் சொன்னதெல்லாம் பொய்யெண்டு நினைக்கமாட்டினமோ?" நிர்மலனுக்கு அதுதான் பயம்.

"நினைப்பினமோ எண்டு நாங்களே நினைச்சுக்கொண்டிருக்கிறதை விட, கேட்டால் என்ன?"

அகதிகள் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. மறுநாளும் போட்டாள், அதற்கு மறுநாளும் போட்டாள். கடைசியில் கிடைத்த பெண், விவரத்தை எழுத்தில் தெரிவித்தால் போதும், மனு அப்படியே இருக்கும் என்றாள்.

பிறகு வேலை தேடினாள். தொழில்பேட்டையின் கராஜ்களுக்கு நடுவே தையல் யூனிட், சலவைக் கம்பெனி என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். விசா விவரம் கேட்டதுமே "மாஃபி, மாஃபி" என்று அரபியில் இல்லையெனக் கை விரித்தார்கள். ஒரு இடத்தில் தலை சுற்றி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த கதவைத் தட்டினாள்.

ஜெபல் அலியில் மசாலாத்தூள் அடைக்கும் கம்பெனி நடத்திய ஜுபைதா கீழக்கரைக்காரி. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"வேலை கெடக்கும்மா. விசாவும் போடலாம். ஆனா நீ நோயாளியா இருக்கியே. படுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

"அக்கா, படுக்கக்கூடாது எண்டுதான் உங்களிட்ட வந்தனான். விசா குடுத்தால் ஒப்பரேசன் செய்வன். செய்தால் வேலை செய்வன். இல்லாட்டி ரெண்டும் இல்லை."

ஜுபைதா சிரித்துவிட்டாள். "நல்லாப் பேசுற. நாளைக்குப் பாஸ்போர்ட்டக் கொண்டா."

விசா வந்தது. காப்புறுதிக்குக் கையெழுத்து வாங்க உஸைர் என்ற ஏஜென்ட் வந்தான். ஏற்கெனவே உள்ள நோய் என்ற இடத்தில் அவள் பேனா நின்றதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"இல்லன்னு போடுங்கக்கா. இருக்குன்னு போட்டா ஆறு மாசத்துக்கு அந்த நோய்க்கு ஒண்ணும் கெடைக்காது."

வயிறு வலித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவளும் நிர்மலனும் இந்த ஊரில் இன்னும் நிற்பதே, தாங்கள் சொன்னதை யாராவது ஒருநாள் நம்புவார்கள் என்றுதான். ஒரு இடத்தில் பொய் எழுதினால் இன்னொரு இடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது? போதாததற்கு முதலில் காட்டிய கிளினிக்கில் ஸ்கேன் வேறு கிடக்கிறது. பொய் பிடிபட்டால் காப்புறுதியும் போகும், ஜுபைதா அக்காவின் பெயரும் கெடும்.

"இருக்கு எண்டே போடுறன் தம்பி."

அந்த ஆறு மாதம் லேசாகக் கழியவில்லை. மாதாமாதம் இரத்தப்போக்கு வரும் நாட்களில் ஜுபைதா அவளை மூட்டைப் பக்கம் விடாமல் லேபல் ஒட்ட வைத்தாள். நிர்மலன் சமையலையும் துவையலையும் தன் வேலையாக்கிக்கொண்டான். இரும்பு மாத்திரை குமட்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள். ஒருநாள் பஸ்ஸில் அழுதாள். இறங்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனாள்.

ஆறு மாதம் முடிந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தாள். காப்புறுதிக் கம்பெனி முதலில் இன்னொரு ஸ்கேன் கேட்டது. எடுத்துக் கொடுத்தாள். அனுமதி வந்தது. கட்டியை எடுத்தார்கள். கெடுதலானது இல்லை என்று சில நாள் கழித்து அறிக்கையும் வந்தது.

ஒப்பரேசன் அன்று மயக்கம் தெளிந்ததும் நிர்மலனுக்குப் போன் எடுத்தாள். அவன் ஆஸ்பத்திரிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். அடையாள அட்டை கேட்டால் என்ன காட்டுவது என்று காலையிலிருந்து உள்ளே வரவில்லை.

"வாங்கோ. கேட்டால் ஐ.நா. கடதாசியைக் காட்டுங்கோ. உண்மையைத்தானே சொல்லப்போறியள்."

கொஞ்ச நேரத்தில் அவன் வந்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுடைய புகலிட மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. கட்டிலருகே நின்று, என்ன சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னவர் என்று கேட்டான்.

"கஞ்சி குடிக்கலாமாம்," என்றாள் வசந்தகுமாரி. "உப்பைக் கொஞ்சம் பாத்துப் போடுங்கோ."